பிரேக் பிடிக்காத லாரியும் கொளஞ்சியப்பருக்குக் கட்டிய பிராதும்

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 96-ஆவது விதி பிரேக்கைப் பற்றியது. வண்டியின் பிரேக் எந்நேரமும் நல்ல நிலையில் இருக்க வேண்டும், வண்டியைக் குறைந்த தூரத்துக்குள் நிறுத்தும் வலிமை அதற்கு இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 136-ஆவது பிரிவு, விபத்தில் சிக்கிய வண்டியை அதிகாரம் பெற்றவர் ஆய்வு செய்யலாம் என்கிறது. அவர் வந்து பார்க்கும் முன்பு அந்த வண்டியில் யாரும் ஸ்பேனர் வைக்கக் கூடாது என்பது சாதாரண அறிவு. என் குடும்பத்துக்கு வந்த துன்பம் இந்த மூன்றும் மீறப்பட்டதால் வந்தது.

கொளஞ்சியப்பன் அடியார்களுக்கு வணக்கம். நான் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் வழக்கில் சொன்னால் பிரேக் இன்ஸ்பெக்டர். இப்போது திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன். விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் முருகனாக அருளும் கொளஞ்சியப்பர் எங்களுக்குச் செய்த உதவியை உள்ளபடி எழுதுகிறேன். எதிரியை மன்னித்து மன அமைதி பெற்றவர்களின் அனுபவங்களை நீங்கள் நிறையப் படித்திருப்பீர்கள். நான் பழி கேட்டு வேண்டிக்கொண்டவன். கிடைத்தது. அதை மறைக்கப் போவதில்லை.

என் மனைவியின் தம்பி ஏழுமலை மங்கலம்பேட்டைக்காரன், லாரி டிரைவர். கடலூர் முதுநகரில் ஏழெட்டு லாரி வைத்திருக்கும் ஒருவரிடம் ஜல்லி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த முதலாளியை ரத்தினவேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரை மாற்றியிருக்கிறேன். கொளஞ்சியப்பருக்கு உண்மைப் பெயர் தெரியும்.

லாரி பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று சொன்னால்தான் நடந்த அநியாயம் உங்களுக்குப் புரியும். டிரைவர் பெடலை மிதித்ததும் சேம்பர் என்கிற டப்பாவுக்குள் காற்று பாய்ந்து ஓர் இரும்பு ராடை வெளியே தள்ளும். அந்த ராடு ஸ்லாக் என்கிற கையைத் திருப்பும். அது திரும்பினால் உள்ளே இருக்கும் பிரேக் கட்டை விரிந்து, சக்கரத்தோடு சுற்றும் டிரம்மைப் பிடிக்கும். கட்டை தேயத் தேய இடைவெளி கூடும், ராடு அதிக தூரம் போக வேண்டியிருக்கும். ஒரு சுவரின் அருகில் நின்று முழங்கையை மடக்கித் தள்ளிப் பாருங்கள், பலம் இருக்கும். கை முழுதும் நீண்டுவிட்ட பிறகு தள்ளிப் பாருங்கள். ஒன்றும் நடக்காது. ராடும் அப்படித்தான். டிரைவர் முன்னால் இருக்கும் கேஜில் காற்று நிறைந்து காட்டும், ஆனால் வண்டி நிற்காது. பாரம் ஏற்றி இறக்கத்தில் வரும்போது டிரம் சூட்டில் இன்னும் விரிந்து மிச்சப் பிடியையும் கெடுக்கும்.

இப்போதைய வண்டிகளில் ஸ்லாக் தானாகவே இறுகிக்கொள்ளும். அது இறுகவில்லை என்றால் கெட்டுவிட்டது என்று பொருள். ஏன் கெட்டது என்று பார்த்து மாற்ற வேண்டும். ஸ்பேனரால் கையால் இறுக்கிவிடுவது, நின்றுபோன கடிகாரத்தின் முள்ளை நகர்த்தி வைப்பது போல. அந்த நிமிடத்துக்கு மட்டும் சரியாக இருக்கும்.

ஏழுமலை இதை முதலாளியிடம் பலமுறை சொல்லியிருக்கிறான்.

"மொதலாளி, ஒரு அமுக்குல பிடிக்க மாட்டேங்குது. பின்னாடி ஸ்லாக்கு ரெண்டும் போயிடிச்சி. மாத்திக் குடுத்துடுங்க."

"கேஜில காத்து ஃபுல்லா காட்டுதா?"

"காட்டுது."

"அப்புறம் என்னாடா? காத்துதான் பிரேக்கு. ஒனக்கு கால்ல தெம்பு இல்லன்னா சொல்லு, வேற ஆளப் பாக்குறேன்."

பிறகு அவருடைய மெக்கானிக் வந்து ஸ்பேனரைப் போட்டு ஒரு சுற்று இறுக்குவான். சில வாரம் ஓடும். மறுபடியும் தளரும்.

வைகாசியில் ஒரு நண்பகல். ஜல்லிப் பாரத்தோடு புவனகிரியில் வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தான். முன்னால் ஒரு டவுன் பஸ், ஏறிக்கொண்டிருக்கும் ஜனங்கள். மிதித்தான். மீண்டும் மிதித்தான். பிடிக்கவில்லை. ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்துப் புளியமரத்தில் கொண்டுபோய் மோதினான். பஸ்ஸில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. மரத்தடியில் நிறுத்தியிருந்த ஒரு பைக் நசுங்கியது. ஏழுமலையின் வலது முழங்கால் கீழ் எலும்பு இரண்டாக முறிந்தது. வலது கால் பிரேக் மிதிக்கும் கால்.

அன்று மாலையே ரத்தினவேல் ஸ்டேஷனுக்கு வந்தார். ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. "குடிச்சிருப்பான் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். ரத்தப் பரிசோதனையில் சாராயம் இல்லை என்று வந்தது. ஆனால் பரிசோதனை முடிவு ஆஸ்பத்திரிக் காகிதத்தில் இருந்தது, அவர் சொன்னது ஊர் வாயில் இருந்தது.

லாரி சாலையை அடைத்துக்கொண்டு நின்றதால், தன் மீட்பு வண்டியிலேயே இழுத்துப் போய்ப் பத்திரமாக ஒப்படைப்பதாக அவர் சொல்லியிருக்கிறார். வழியில் ஓர் இரவு அது அவருடைய ஷெட்டில் தங்கியது. மறுநாள் ஸ்டேஷனுக்கு வந்தது. ஆய்வு செய்தவர் கண்ணுக்குத் தெரிந்ததை எழுதினார்: பிரேக் நல்ல நிலையில் உள்ளது. பிரேக் நன்றாக இருந்தால் குற்றம் யாருடையது? டிரைவருடையது. அஜாக்கிரதையாக ஓட்டியதாக வழக்கு. லைசென்ஸ் முடக்கம்.

நான் போய் வண்டியைப் பார்த்தேன். அடியில் எல்லா இடமும் மண்ணும் கிரீஸும் அப்பிக் கிடந்தது. பின் சக்கரங்களின் ஸ்லாக் நட்டுகள் மட்டும் புதுக் கொலுசு மாதிரி மின்னின. ஸ்பேனர் கடித்த தடம். மறு ஆய்வு கேட்டு உரிய படிவத்தில், உரிய அதிகாரிக்கு, உரிய இணைப்புகளோடு மனு கொடுத்தேன். பரிசீலனையில் உள்ளது என்றார்கள். அது எந்த அலுவலகம் என்று எழுதமாட்டேன். நானே அப்படிப்பட்ட அலுவலகத்தில் இருந்தவன், அந்தச் சொற்றொடரின் எடை எனக்குத் தெரியும். அதற்குள் நீதிமன்ற உத்தரவு வாங்கி லாரியை வெளியே எடுத்து ஓட்ட ஆரம்பித்துவிட்டார் ரத்தினவேல்.

நேரில் கேட்கலாம் என்று அவருடைய ஷெட்டுக்குப் போனேன். நாற்காலியில் சாய்ந்தபடியே, மெக்கானிக்கும் மற்ற டிரைவர்களும் பார்த்துக்கொண்டிருக்க, வரவேற்றார்.

"வாங்க, ரிட்டயர்டு பிரேக் இன்ஸ்பெக்டர் சார். என் வண்டில பிரேக் இருக்கு சார். ஒங்க கையிலதான் சீல் இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நான் திரும்பி வந்தேன். அன்று முழுதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் வீட்டு உள்ளறையில் காலில் பிளேட்டோடு ஏழுமலை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். "மாமா, இந்த லைசென்ஸ் போச்சின்னா எனக்கு என்னா தெரியும்? வண்டிய வுட்டா எனக்கு ஒரு மண்ணும் தெரியாதே" என்றான். அவன் அழுது நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன்.

என் மனைவி வந்து நின்றாள். "ஊர்ல இருக்குற ஆபீசுக்கெல்லாம் மனு போட்டீங்க. அப்பனுக்கு ஒண்ணு போடுங்களேன்."

விருத்தாசலம் பக்கத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கொளஞ்சியப்பர் கோயிலில் நமக்கு அநியாயம் செய்தவர் மீது காகிதத்தில் பிராது எழுதி, சந்நிதியில் வைத்து வணங்கி, விபூதியோடு மடித்து, காவல் தெய்வமான முனியப்பர் எதிரில் நூலால் கட்டிவிட வேண்டும். மூன்று நாள், தப்பினால் மூன்று வாரம், அதுவும் தப்பினால் மூன்று மாதம். அதற்குள் தீர்ப்பு வந்துவிடும் என்பது நம்பிக்கை. தீர்ந்ததும் போய்ப் பிராதைத் திரும்பப் பெற வேண்டும்.

அதுவரை எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் மனு எழுதுவது என்றால் எனக்குக் கை துடிக்கும். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, எல்லாம் வைத்து எழுதினேன். கடைசியில் நான் கேட்கும் பரிகாரங்களை வரிசையாக எழுதினேன். அவனுடைய தொழில் முடங்க வேண்டும். அவனுடைய வாயாலேயே உண்மை வர வேண்டும். அவனுடைய வெள்ளை வேட்டி மண்ணாக வேண்டும். கடைசியாக, கோபத்தில், அந்த லாரியின் சக்கரமே அவன்மேல் ஏற வேண்டும்.

கோயிலில் எழுதத் தெரியாதவர்களுக்குப் பிராது எழுதித் தரும் பெரியவர் ஒருவர் என் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், இவ்ளோ வேணாம். நடந்தத மட்டும் எழுதுங்க. தண்டன என்னான்னு அவுரு பாத்துப்பாரு."

"பரிகாரம் குறிப்பிடாத மனு செல்லாது ஐயா" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நூலை எடுத்துக் கொடுத்தார். ஆனி மாதம். கட்டிவிட்டு வந்தேன்.

மூன்று நாள் ஆனது. ரத்தினவேல் புதுக் கார் வாங்கினார். மூன்று வாரம் ஆனது. தன் படம் போட்ட பேனர் கட்டி அன்னதானம் செய்தார். நான் தினமும் காலையில் குளித்துவிட்டு தென்மேற்கே பார்த்து நின்று, "அப்பா, ஆனி மாதப் பிராது தொடர்பாக நினைவூட்டுகிறேன்" என்று சொல்வேன். என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். சிரிப்பாகத் தெரியலாம். உள்ளே நெருப்பாக இருந்தது. ராத்திரியில் அந்தச் சிரிப்பொலி காதில் கேட்கும்.

எனக்கு ஒன்று மட்டும் தெரியும். கையால் இறுக்கிய ஸ்லாக் தளர்ந்தே தீரும். அதுவரை யாரும் சாகாமல் இருக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். இதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

ஆவணியில் ஒரு நாள் ஏழுமலை ஊன்றுகோலை மறந்துவிட்டு நொண்டிக்கொண்டே ஓடி வந்தான். கையில் போன்.

"மாமா! அந்த வண்டி சிதம்பரத்துல நின்னுட்டு இருந்த போலீஸ் ஜீப்புல மோதிடிச்சாம்!"

"யாருக்காவது அடியா?"

"யாருக்கும் இல்ல. ஜீப்புல இருந்த போலீஸ்காரரு டீ குடிக்கப் போயிருந்தாராம். ஜீப்பு அப்பளம்."

"ஓட்டினது யாரு?"

"இருந்த டிரைவரு பிரேக்கு சரியில்லன்னு நின்னுட்டாரு. மொதலாளி மவனே எடுத்துட்டுப் போயிருக்கான்."

நான் எழுந்து தென்மேற்கே பார்த்துக் கும்பிட்டேன்.

மறுநாள் என் வீட்டு வாசலில் புதுக் கார் வந்து நின்றது. ரத்தினவேல் செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மகன் போலீஸ் காவலில் இருக்கிறான். வேண்டுமென்றே மோதியதாகப் பேச்சு. மெக்கானிக் ஊரைவிட்டே ஓடிவிட்டான்.

"சார், அந்த வண்டில பிரேக்கே இல்ல சார். நீங்கதான் சார் சொல்லணும்."

"கேஜில காத்து ஃபுல்லா காட்டுச்சா?"

அடியார்களே, அந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்காக நான் மூன்று மாதம் காத்திருந்தேன். இனிமேல் என்ன சாப்பிட்டாலும் அந்த ருசி வராது.

"அதிகாரிகிட்ட சொல்லி எழுதி வாங்குற வேலை என்கிட்ட நடக்காது" என்றேன். "ஆய்வு நடக்கும்போது வந்து நிற்பேன். ரெண்டு நிபந்தனை. அதுவரைக்கும் வண்டியில ஒரு விரல் படக்கூடாது. அன்னைக்கு பிரேக் பெடலை மிதிக்கிறது ஏழுமலை."

ஆய்வுக்கு வந்தவர் ஓர் இளம் பெண் அதிகாரி. என்னை அவருக்குத் தெரியாது. நான் யார் என்று சொன்னதும், "நின்னு பாருங்க சார், ஆனா குறுக்க பேசாதீங்க" என்றார். மிகச் சரியான பதில். சிதம்பரம் ஸ்டேஷனின் பின்பக்க மைதானம் சற்றே சாய்வானது. எஞ்சினைப் போட்டுக் காற்றை ஏற்றி, எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிட்டு, ஒருவர் அடியில் படுத்து ராடு சேம்பரை விட்டு வெளிவரும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட வேண்டும். மேலே இருப்பவர் முழுதாக மிதிக்க வேண்டும். கோடு எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று அளக்க வேண்டும்.

"கீழ யாரு எறங்குறது? ஒங்க மெக்கானிக் எங்க?" என்றார் அதிகாரி.

மெக்கானிக் இல்லை. ரத்தினவேல் சுற்றிலும் பார்த்தார். யாரும் நகரவில்லை. நான் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து நீட்டினேன்.

"நீங்களே எறங்கிடுங்க முதலாளி. ஒங்க வண்டிதானே."

கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியோடு அவர் மண்ணில் முதுகு பதியப் படுத்து உள்ளே நகர்ந்தார். ஏழுமலை மேலே ஏறி உட்கார்ந்தான். இடது காலால் மிதிக்கச் சொன்னேன். "இல்ல மாமா, வலது காலுதான்" என்றான்.

ஹேண்ட் பிரேக்கை விடுவித்தான். புஸ்ஸென்று காற்றுச் சத்தம். லாரி ஒரு முனகலோடு அரை அடி முன்னால் நகர்ந்து, சக்கரத்துக்கு முன் வைத்திருந்த மரக்கட்டையில் இடித்து நின்றது. கட்டை மண்ணில் வழுக்கியது.

என் பிராதின் கடைசி வரி எனக்கு நினைவு வந்தது.

முதல் மூன்று பரிகாரங்களும் அன்று கண்முன்னே நிறைவேறிக்கொண்டிருந்தன. தொழில் முடங்கத் தொடங்கியாயிற்று. வேட்டி மண்ணாயிற்று. உண்மை வரப்போகிறது. மூன்று மாதம் முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. கொளஞ்சியப்பர் வரி விடாமல் படித்துத் தீர்ப்பு எழுதுகிறவர் என்று அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தது. மேலே ஏழுமலை. சக்கரம் ஏறினால் வண்டியை ஓட்டியவன் அவன். அவனுக்கு இரண்டாவது வழக்கு, இந்த முறை கொலை.

ஓரத்தில் கிடந்த கருங்கல்லை இரண்டு கையாலும் தூக்கி ஓடிப் போய்ச் சக்கரத்தின் அடியில் திணித்தேன். என் வயதுக்கு அது தூக்கக்கூடிய கல் அல்ல. "கொளஞ்சியப்பா, பிராதில் ஒரு திருத்தம்! கடைசி வரி மட்டும் வேண்டாம்!" என்று வாய்விட்டுக் கத்தினேன். சக்கரம் கல்லைக் கவ்வி நின்றது. இடையில் சிக்கிய என் சுட்டுவிரல் நகம் கறுத்துப்போனது. இன்றும் முழுதாக வளரவில்லை.

அதிகாரி என்னை விநோதமாகப் பார்த்தார். "என்ன சார், என்ன திருத்தம்?"

"ஒண்ணுமில்லம்மா. கட்டை சரியா வைக்காம அளந்தா அளவு செல்லாது."

ரத்தினவேல்மேல் எனக்கு இரக்கம் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். வரவில்லை. அவர் உயிரோடு இருந்து அடுத்த கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று விரும்பினேன்.

"மிதிங்க" என்றார் அதிகாரி. ஏழுமலை மிதித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தான். அந்த அளவு சேம்பருக்கு ராடு இரண்டு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது.

"எவ்ளோ?"

அடியில் ரத்தினவேல் ஸ்கேலைத் திரும்பவும் வைத்துப் பார்த்தார்.

"எவ்ளோ சார்?"

"ரெண்டரை, மேடம்."

அதற்கு மேல் போக ராடுக்கு இடமே கிடையாது. மறுபக்கமும் அதே. பலமுறை மிதித்துப் பார்த்தும் ஸ்லாக் இறுகவில்லை. அதிகாரி தானே குனிந்து டார்ச் அடித்து நட்டுகளைப் பார்த்தார். பிறகு பழைய ஆய்வறிக்கையின் நகலைப் பிரித்தார்.

"வைகாசில பிரேக் நல்லா இருக்குன்னு இருக்கு. இப்ப ரெண்டரை. நட்டுல ஸ்பேனர் தடம் இருக்கு. மோதினதுக்கு அப்புறம், ஒங்க பையனைக் காப்பாத்த, யாரோ லூஸ் பண்ணியிருக்காங்கன்னு எழுதட்டுமா?"

"ஐயோ, இல்ல மேடம்!"

"அப்ப எப்படி?"

அடியிலிருந்து வெளியே வந்து மண்ணில் உட்கார்ந்திருந்த ரத்தினவேல் மகனை நினைத்திருக்க வேண்டும். பிறகு ஏழுமலையைப் பார்த்தார். அவர் வாயாலேயே வந்தது.

"அது தானா தளந்துடிச்சி மேடம். வைகாசில... அந்த ஆக்ஸிடென்ட் ஆன அன்னிக்கு, வண்டி என் ஷெட்டுல இருந்தப்ப, அப்ப ஆய்வுக்கு வந்தவரு பாக்குறதுக்கு முன்னால... நாந்தான் கையால டைட் பண்ணச் சொன்னேன். அதுக்கு முன்னாலயும் பிடிக்காமதான் இருந்துச்சி. இவன் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தான்."

"எழுத்துல குடுப்பீங்களா?"

"குடுக்கறேன்."

மகனைக் காப்பாற்ற வேண்டுமானால் ஏழுமலையைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்று இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டது யார்? அந்த முடிச்சைப் போட எந்தச் சட்டத்திலும் வழி இல்லை. எனக்குத் தெரிந்திருந்தால் நானே மனுவில் கேட்டிருப்பேன்.

ஏழுமலை மேலிருந்து எட்டிப் பார்த்தான். "மொதலாளி, கால எடுத்துடட்டுமா? ஒங்களுக்கு தெம்பு போதுமா?" என்றான். சுற்றி நின்ற போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். சிரிப்பின் சத்தம் எனக்குப் பழக்கமானதாக இருந்தது. இந்த முறை நானும் சேர்ந்துகொண்டேன்.

அவருடைய மற்ற லாரிகளையும் வரிசையில் நிறுத்தி ராடை அளந்தார்கள். பாதி வண்டிகள் அங்கேயே நின்றுவிட்டன. தடயத்தைக் கலைத்ததற்கு அவர்மீது தனி வழக்கு. மகன் ஜாமீனில் வந்தான். நான் அவரை மன்னிக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை. கணக்கு சரி.

புரட்டாசியில் ஏழுமலையோடு போய்ப் பிராதைத் திரும்பப் பெற்றேன். எழுதித் தரும் பெரியவர் என் கறுத்த நகத்தைப் பார்த்தார். "என்னா சார், கடைசி வரியா?" என்றார். நான் அவரிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. ஒருவேளை இப்படிக் கறுத்த நகங்களை அவர் நிறையப் பார்த்திருக்கலாம்.

இன்று நான் நம்புகிறவன். காலையில் தென்மேற்கே பார்த்துக் கும்பிடும்போது நினைவூட்டல் எதுவும் சொல்வதில்லை, நன்றி மட்டும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் முதுநகர் லாரி நிறுத்தத்தில் ஏழுமலையும் நானும் சாக்பீஸோடு போய் நிற்கிறோம். முதலில் கல், பிறகுதான் கோடு. "என்னா பிரேக் இன்ஸ்பெக்டரு, சம்பளமா குடுக்குறாங்க?" என்று கேலி செய்வார்கள், கோடு போட்டுப் பார்க்கவும் செய்வார்கள்.

உங்களுக்கும் யாராவது அநியாயம் செய்திருந்தால், எல்லா அலுவலகமும் கைவிட்டிருந்தால், தயங்காமல் மணவாளநல்லூருக்குப் போங்கள். நடந்ததை மட்டும் எழுதுங்கள். தண்டனையை அவரிடம் விட்டுவிடுங்கள், உங்களைவிட நன்றாக யோசிப்பார். கோபத்தோடு போனாலும் அவர் கதவை அடைப்பதில்லை. அதற்கு நான் சாட்சி.

மறு ஆய்வு கேட்டு வைகாசியில் நான் கொடுத்த மனுவுக்கும் பதில் வந்தது. ஏழுமலை மீதான நடவடிக்கை கைவிடப்படுகிறது, லைசென்ஸ் திருப்பித் தரப்படுகிறது என்று இரண்டு வரி. தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தபோது நாங்கள் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். ஐப்பசி மாதம், வளர்பிறை சஷ்டி. அன்று சூரசம்ஹாரம்.